கடகடப்பும் கடையாணியும்

ஜனவரி மாதத்து இரவு. டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில் எங்கள் வீடு. வெளியே மைனஸ் 18. கீழே பேஸ்மென்ட்டில் துணி உலர்த்தும் டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். சரளை ரோட்டில் காலி மாட்டுவண்டியை விரட்டிக்கொண்டு போகிற சத்தம். மாடியில் தூங்கிய மகள் எழுந்து வந்து, "அப்பா, கீழ யாரு?" என்று கேட்டாள்.

பழுது பார்க்கும் ஆள் வந்து எட்டிப் பார்க்கவே நூறு டாலருக்கு மேல் ஆகும். கடையில் கேட்டால் புதிது வாங்கச் சொல்வார்கள். மெஷினுக்கு வயது 14. எதிர்வீட்டு அண்ணைக்கு போன் போட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஊரில் லொறி கராஜில் வேலை செய்தவர். திறந்து பார்க்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆளைக் கூப்பிடாதேங்கோ தம்பி. ஒண்டையும் கழட்டவும் வேண்டாம். முதல்ல சத்தத்தை எண்ணிப் பாருங்கோ. நிமிசத்துக்கு எத்தினை தரம் அடிக்குது?"

நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி ஒரு கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்குள்தான் இந்த மெஷினின் மொத்த இயந்திரவியலும் இருக்கிறது.

டிரையர் பார்வைக்குப் பெரிய பெட்டி. உள்ளே சமாசாரம் மிகவும் கொஞ்சம். ஒரு தகர டிரம், அதைச் சுற்ற ஒரு மோட்டார், காற்றை இழுக்க ஒரு விசிறி, சூடாக்க ஒரு கம்பிச்சுருள். கியர் கிடையாது. மோட்டாரிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் பெல்ட் கிளம்பி டிரம்மின் வயிற்றையே சுற்றி வருகிறது, அரைஞாண் கட்டியதுபோல. கால் அங்குல அகலம்தான். அதை நம்பித்தான் வீட்டுத் துணியெல்லாம் சுற்றுகிறது.

வட அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி. நான்கு துருவ மோட்டார் அதில் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றவேண்டும். சுமையில் கொஞ்சம் பின்தங்கி சுமார் 1,725 சுற்றும். அதன் அச்சில் உள்ள கப்பி கட்டைவிரல் பருமன், டிரம்மோ 27 அங்குல விட்டம். சின்னது 35 முறை சுற்றினால் பெரியது ஒருமுறை சுற்றும். ஆக, டிரம்மின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 50.

இந்த 50 சும்மா வந்த எண் இல்லை. கூட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 27 அங்குல டிரம் 51 சுற்றைத் தாண்டும்போது, அதன் சுவரோடு ஒட்டிய துணி உச்சிக்குப் போனாலும் கீழே விழாது. திருவிழா மரணக்கிணற்றில் மோட்டார் சைக்கிள் சுவரைப் பிடித்துக்கொள்வதுபோல அப்பிக்கொள்ளும். வாஷிங் மெஷின் துணியைப் பிழிவது அப்படித்தான். குறைத்தால் துணி மேலே ஏறாமல் அடியிலேயே சுருண்டு புரளும். உலர்வதற்கு அது உயரப் போய், உதிர்ந்து, சூடான காற்றுக்குள் விழவேண்டும். குவியலில் உள்ள துணியின் பெரும்பகுதி சுவரிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால், 50 சுற்றில் அது அப்பிக்கொள்ளாமல் விழுந்துவிடுகிறது. விளிம்பில் நடக்கிற வித்தைதான்.

டிரம்மின் கனத்தைப் பின்பக்கம் இரண்டு ரப்பர் ரோலர்கள் தாங்குகின்றன. முன்பக்கம் டிரம் வழுக்குப் பட்டைகள்மேல் சறுக்கிப் போகிறது. நான்கு ரோலர் உள்ள மெஷின்களும் உண்டு. ரோலரின் விட்டம் சுமார் 3 அங்குலம். அப்படியானால் டிரம் ஒருமுறை சுற்றும்போது ரோலர் ஒன்பது முறை சுற்றும்: நிமிடத்துக்கு 450, நொடிக்கு ஏழு எட்டு.

இப்போது அண்ணையின் கேள்வி புரிந்திருக்கும். மெஷினுக்குள் முக்கியமாக மூன்று வேகங்கள். டிரம் நொடிக்கு ஒன்றுக்கும் குறைவு, ரோலர் ஏழு எட்டு, மோட்டாரும் அதன் அச்சிலேயே உட்கார்ந்திருக்கும் விசிறியும் 29. எந்தப் பாகத்தில் கோளாறோ, சத்தம் அந்தப் பாகத்தின் வேகத்தில்தான் வந்தாகவேண்டும்.

நம் காதுக்கு இந்த மூன்றையும் பிரிக்கத் தெரியும். நொடிக்கு ஒன்று என்றால் தனித்தனி அடியாகக் கேட்கும்: டொம்... டொம்... எண்ணிவிடலாம். நொடிக்கு ஏழு எட்டு என்றால் அடிகள் தனியாகத் தெரிந்தாலும் எண்ணுவதற்குள் ஓடிவிடும்: கடகடகட. நொடிக்கு இருபதைத் தாண்டினால் அடிகள் கரைந்து ஒரே சுருதியாகிவிடும். 29 என்பது பியானோவின் கடைக்கோடிக் கட்டைகளுக்குப் பக்கத்தில் வரும் ஊம் என்ற கனத்த ரீங்காரம். இரட்டைக்கிளவிக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. கடகட, தடதட, கிணுகிணு, கொறகொற, படபட என்று இருப்பதை வைத்தே ஒரு மெக்கானிக் கையேடு எழுதிவிடலாம். பள்ளியில் இலக்கணமாகப் படித்தபோது இதற்கு உதவும் என்று யாரும் சொல்லவில்லை.

டொம் என்று டிரம்மின் வேகத்தில் வந்தால், டிரம்மிலேயே ஏதோ இருக்கிறது: உள்ளே துணியைத் தூக்கிவிடும் துடுப்பு ஒன்று தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் டிரம் விளிம்பைச் சுற்றி ஒட்டிய கம்பளிப் பட்டை கிழிந்திருக்கும். இடைவிடாமல் தடதடவென்று விசிறிப் பக்கமிருந்து அதிர்ந்தால், விசிறி அச்சில் தளர்ந்திருக்கிறது, அல்லது ஊக்கு, உள்ளாடைக் கம்பி மாதிரி எதையாவது விழுங்கியிருக்கிறது. வெறும் ஊம் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. 60 சுழற்சி மின்சாரம் மோட்டார் இரும்பை நொடிக்கு 120 முறை இழுத்து விடுகிற சத்தம் அது.

இந்தக் கணக்குக்குள் அடங்காத சத்தம் ஒன்று உண்டு. கிரீச். அதன் சுருதி சுற்றும் வேகத்திலிருந்து வருவதில்லை, உராய்விலிருந்து வருகிறது. காய்ந்த இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், இழுவை கூடக்கூடத் தாங்காமல் சட்டென்று வழுக்கும், மறுபடி கவ்வும். நின்றிருக்கும் பொருளை நகர்த்த ஆரம்பிப்பதுதான் கஷ்டம், நகர்ந்துவிட்டால் தள்ளுவது எளிது என்பது பீரோவை நகர்த்திய எல்லோருக்கும் தெரியும். அந்த வித்தியாசம்தான் இதற்கு மூலம். கவ்வி வழுக்குவது நொடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் நடந்தால் கிரீச். கரும்பலகையில் சாக்பீஸ் போடுவது இதைத்தான். வயலின் வில்லுக்குப் பைன் மரப் பிசின் தடவுவதும் கவ்வல் நன்றாக இருக்கத்தான். அங்கே அதற்குச் சங்கீதம் என்று பெயர். டிரையரில் கிரீச் வந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சின்னக் கப்பியை.

எங்கள் மெஷினுக்கு வருகிறேன். டிரம்மைக் காலி செய்து, சூடில்லாத காற்று என்ற நிலையில் வைத்து, உள்விளிம்பில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டினேன். கதவைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும். கதவோரத்துச் சுவிட்சை விரலால் அழுத்திக்கொண்டால் மூடியிருக்கிறது என்று ஏமாந்து ஓடும். (மற்றக் கை வெளியே இருக்கட்டும், தொளதொளச் சட்டையோடு இதைச் செய்யவேண்டாம்.) கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். டேப் நிமிடத்துக்கு 50 முறை வந்து போனது. சத்தம் அதைவிட எவ்வளவோ வேகம், எண்ணவே முடியவில்லை. கடகடகட.

அண்ணையிடம் சொன்னேன். "தொடங்கேக்கை கூடவோ? பிறகு குறையுதோ?" என்றார். ஆமாம், முதல் பத்து நிமிடம் உக்கிரம், பிறகு கொஞ்சம் அடங்கும். "அப்ப ரோலர்தான். வேற ஒண்டும் இல்லை."

மெஷின் ஓடாத நேரத்தில் டிரம்மின் முழுக் கனமும் ரோலரின் ஒரே இடத்தில் நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மெதுவாக அமுங்கி அந்த இடத்தில் தட்டையாகிவிடும். புது ரப்பர் ஓடிய கொஞ்ச நேரத்தில் உருண்டை வடிவத்துக்குத் திரும்பும். வயதான ரப்பர் சூடேறி இளகும்வரை தட்டையாகவே இருந்து ஒவ்வொரு சுற்றிலும் டிரம்மை ஒரு தட்டு தட்டும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த காரை எடுத்தால் முதல் சில கிலோமீட்டர் டயர் தட்டுமே, அதே சங்கதி. சத்தம் தானாகக் குறைகிறதே என்று விட்டுவிடுகிறோம். தட்டையான ரோலர் அச்சைப் போட்டு அடிக்க, ஓட்டை அகன்று ரோலர் ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் கூடக்கூட டிரம் கீழிறங்கி, தகரத்தோடு தகரம் உரசும். அதற்குப் பிறகு வருவதுதான் உண்மையான செலவு.

சனிக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தோம். முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. இங்கே டிரையருக்கு 240 வோல்ட், 30 ஆம்பியர் கொண்ட தனி இணைப்பு. சூடேற்றும் சுருள் ஐயாயிரம் வாட்டுக்குமேல் இழுக்கும். ஐந்து இஸ்திரிப் பெட்டிகளை ஒன்றாகப் போட்ட கணக்கு. சுவிட்சை அணைத்தால் போதும் என்கிற பேச்சே கூடாது. எரிவாயுவில் ஓடும் டிரையர் என்றால் வால்வையும் மூடவேண்டும். குழாயைக் கழற்றித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் அந்த வேலை உரிமம் பெற்றவருடையது.

எங்களுடையதில் பஞ்சு வடிகட்டி மேலே இருக்கிறது. அதை உருவினால் தெரியும் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, மேல்மூடியின் முன்விளிம்பில் பட்டிக் கத்தியைச் செருகி அழுத்த, டப் என்று கிளிப் விட்டுக்கொடுத்து மூடி கார் பானெட் மாதிரி எழுந்தது. முன்பலகையின் உட்புறம் இரண்டு ஸ்க்ரூ, கதவுச் சுவிட்சுக்குப் போகும் ஒயர். ஒயரைப் பிரிப்பதற்கு முன்பு போனில் படம் எடுத்துக்கொண்டோம். பிறகு கீழே கையை விட்டு, பெல்ட்டை இறுக்கும் கப்பியைத் தள்ளிப் பெல்ட்டை மோட்டாரிலிருந்து உருவினோம். டிரம் கையோடு வந்துவிட்டது. மெஷின் இப்போது ஒரு காலித் தகரப்பெட்டி.

பின்சுவரில் இரண்டு ரோலர்கள். ஒன்றைப் பிடித்து ஆட்டினால் ஆடியது, அசையும் பல்லைப் போல. அதை மாட்டியிருந்த விதத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. நான் ஏதோ பால்பேரிங், நுட்பமான பொருத்து என்று நினைத்திருந்தேன். இருந்தது மாட்டுவண்டி! சுவரில் சுழலாத இரும்பு அச்சு. அதன்மேல் ஓட்டையுள்ள சக்கரம் நேரடியாக உட்கார்ந்து சுற்றுகிறது. சக்கரம் கழன்று விழாமலிருக்க அச்சின் முனையில் ஒரு முக்கோணப் பிளாஸ்டிக் கிளிப், கடையாணி ஸ்தானத்தில். என் தாத்தாவை எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தினால் ஒரு கேள்வி கேட்காமல் கழற்றியிருப்பார். வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்த வண்டி மை எங்கே என்று மட்டும் கேட்டிருப்பார்.

அதைக் கேட்டிருந்தால் தடுத்திருக்கவேண்டும். வண்டி அச்சுக்குச் சரியான வைத்தியம் டிரையர் அச்சுக்கு விஷம். இங்கே காற்று முழுக்கப் பருத்தித் தூசி. தாராளமாக எண்ணெய் விட்டால் தூசி அதில் ஒட்டி, சூட்டில் காய்ந்து, பசையாகி, கடைசியில் அரைக்கும் மாவாகிவிடும். துருநீக்கி ஸ்பிரேயை அடிப்பது இன்னும் மோசம். அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் கரைப்பான். இரண்டு நாள் அமைதியைக் கொடுத்துவிட்டு, இருந்த கொஞ்ச வழவழப்பையும் கரைத்துக்கொண்டு போய்விடும். ரோலரில் பல வகை உண்டு, சிலவற்றுக்கு அச்சில் ஒரு சொட்டு எண்ணெய், சிலவற்றுக்கு ஒன்றுமே கூடாது. பொட்டலத்தில் எழுதியிருப்பதைக் கேட்பது நல்லது. நாங்கள் அச்சை ஆல்கஹாலில் நனைத்த துணியால் கறுப்பு போகும்வரை துடைத்தோம். அதில் நகம் இடறும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அச்சையும் மாற்றியிருக்கவேண்டும், விழவில்லை.

கழற்றிய ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். ஒரு ஈடு துணிக்கு 45 நிமிடம், நிமிடத்துக்கு 450 சுற்று: இருபதாயிரம். வாரத்துக்கு நான்கு ஈடு, 14 வருஷம். ஏறத்தாழ ஆறு கோடிச் சுற்று. ரோலரின் சுற்றளவு 24 சென்டிமீட்டர். நேராக உருளவிட்டிருந்தால் 14,000 கிலோமீட்டர், இந்த பேஸ்மென்ட்டிலிருந்து சென்னை போய்ச் சேர்ந்திருக்கும். கொஞ்சம் ரப்பரும் ஒரு பிளாஸ்டிக் வளையமும் சேர்ந்த பொருள். தேய்ந்ததற்காக அதைத் திட்ட மனம் வரவில்லை.

டிரம் இருந்த இடத்துக்குக் கீழே ஒரு புதையல் கிடந்தது. இரண்டு குவார்ட்டர் நாணயம், ஒரு ஹேர்கிளிப், கனடா 2013-இல் விநியோகத்தை நிறுத்திவிட்ட ஒரு சென்ட் நாணயம், என் மனைவி இரண்டு வருஷமாகத் தேடிய தோட்டின் திருகு. இவையெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சுக்குள் முட்டைபோலப் பொதிந்து கிடந்தன. அந்தப் பஞ்சைப் பார்த்ததும் அண்ணையின் முகம் மாறியது. "சத்தம் வந்தது நல்லதாப் போச்சு" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். பருத்தித் தூசி என்பது பஞ்சுத்திரி. அதற்கு ஒரு சாண் தள்ளி ஐயாயிரம் வாட் சுருள் தகதகக்கிறது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, வீட்டு டிரையர்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீவிபத்துகள் என்று கணக்கிட்டது. முதற்காரணம், 34 சதவீதம், சுத்தம் செய்யாதது. வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் வழித்தாலும் நுண்தூசி அதைத் தாண்டி உள்ளே இறங்கும், சுவருக்கு வெளியே போகும் நான்கு அங்குலக் குழாயிலும் படியும். குழாய் அடைத்தால் வெப்பம் வெளியேறாது; உள்ளே சூடு கூடி ரோலர் ரப்பர் இறுகிப்போகும், மசகு காயும். எங்கள் கடகடப்புக்கும் இந்தப் பஞ்சுக்கும் சொந்தம் உண்டு என்றுதான் நினைக்கிறேன். ரோலரை மாற்ற அரை மணி ஆனது. வாக்குவம் கிளீனரோடு உள்ளே குனிந்து கிடந்தது ஒரு மணி நேரம்.

தேநீர் வந்தது. வெளியில் துணி காயப்போடும் கொடிக்கம்பம் பனியில் பாதி புதைந்து நின்றது. இந்த ஊர்க் குளிரில் துணி வெளியே உலராது என்று இல்லை. உறைந்து அப்பளமாகி, பனிக்கட்டி நேரே ஆவியாகி, மெதுவாக உலரும். காத்திருக்கத்தான் ஆளில்லை. வடக்கு டகோட்டாவின் ராஸ் மூர் என்பவர் அப்படிப்பட்ட குளிரில் துணி காயப்போட்டு அலுத்து, வீட்டை ஒட்டிய கொட்டகையில் சூடேற்றிய டிரம் ஒன்றை வைத்துப் பார்த்தவர். அவருடைய வடிவத்தை விஸ்கான்சினின் டூ ரிவர்ஸ் ஊரில் இருந்த ஹாமில்டன் நிறுவனம் 1938-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. வைத்த பெயர் 'ஜூன் டே'. ஜூன் மாத வெயிலை எண்ணி ஏங்கிய பெயர்.

திரும்பப் பூட்டுவதில் ஒரே ஒரு இடம்தான் சிக்கல்: பெல்ட். பழையது ஓரம் பிசிறியிருந்ததால் ரோலரோடு சேர்த்து அதையும் புதிதாக வாங்கியிருந்தோம். எல்லாம் சேர்ந்து நாற்பது டாலர் சொச்சம். பள்ளம் உள்ள பக்கம் டிரம்மைத் தொடவேண்டும். டிரம்மை ஏறக்குறைய முழுக்கச் சுற்றுவதால் அங்கே பிடிப்புக்குக் குறைவில்லை. மோட்டார் கப்பியோ கட்டைவிரல் பருமன். பெல்ட் அதைச் சும்மா தொட்டுவிட்டுப் போனால் வழுக்கும். அதனால்தான் இறுக்கும் கப்பி பெல்ட்டைக் குறுக்கே மடக்கி, மோட்டார் கப்பியை நன்றாகக் கட்டித் தழுவ வைக்கிறது. கயிறு தூணை எவ்வளவு தூரம் சுற்றுகிறதோ, பிடி அதற்கேற்பக் கூடும். கூட்டல் கணக்கில் கூடாது, பெருக்கல் கணக்கில் கூடும். கணித மேதை ஆய்லர் இதற்குச் சூத்திரம் எழுதினார். தறியில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முரட்டுக் காளையை ஒரு கையால் நிறுத்துகிறவருக்கு அந்தச் சூத்திரம் கையிலேயே இருக்கிறது.

பெல்ட்டை மாட்டி, மூடுவதற்கு முன்பு டிரம்மைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினோம். பெல்ட் நேராக உட்கார்ந்தது. மூடினோம், குழாயை மாட்டினோம், பிளக்கைச் செருகினோம். மகள்தான் பொத்தானை அழுத்தினாள்.

கடகடப்பு இல்லை. ஆனால் டொம். டொம். டொம். அழுத்தமாக, நொடிக்கு ஒன்று என்கிற மாதிரி.

டிரம்மை நெளித்துவிட்டோமா? பலகையைத் தப்பாகப் பூட்டினோமா? நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன். அண்ணை அசையவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எண்ணினீங்களோ?" என்றார்.

டேப் இன்னும் டிரம்மில் இருந்தது. கதவைத் திறந்து, சுவிட்சை அழுத்திக்கொண்டு எண்ணினேன். டேப் 50. டொம் 46. மறுபடி எண்ணினேன். 46தான். டேப்பும் சத்தமும் சேர்ந்து கிளம்பி, கொஞ்சம் கொஞ்சமாக விலகி, பதினைந்து நொடிபோல் போனதும் மறுபடி சேர்ந்துகொண்டன. டிரம்மில் கோளாறு என்றால் இரண்டும் பிரியாது. 50-ஐவிடச் சற்று மெதுவாகச் சுற்றிவருகிற பொருள் இந்தப் பெட்டிக்குள் ஒன்றே ஒன்றுதான். டிரம்மின் சுற்றளவு 85 அங்குலம், பெல்ட்டின் நீளம் 93. டிரம் 50 முறை சுற்றுவதற்குள் பெல்ட் 46 சுற்றுதான் முடிக்கும்.

குப்பைத்தொட்டியிலிருந்து பெல்ட் வந்த பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கையகலம். அதற்குள் அத்தனை நீளப் பெல்ட்டை மடித்துத் திணித்திருந்தார்கள். மடிப்பு விழுந்த இடம் ஒவ்வொருமுறை கப்பியைக் கடக்கும்போதும் ஒரு டொம். ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டியில் போட்டேன். நனைந்த துண்டுகளை உள்ளே தள்ளி, சூட்டைப் போட்டுவிட்டு மேலே ஏறிப் போனோம். அண்ணை இரண்டாவது தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் கீழே டொம் நின்றிருந்தது. யாரோ ஒருவருடைய ஜீன்ஸ் பொத்தான் மட்டும் தகரத்தில் டிக், டிக் என்று தட்டிக்கொண்டிருந்தது.